தொண்டை கட்டிய புதன்கிழமை

எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது.
குறுமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளோடு ஏறினால்
மண்டூர்க் கரையில் இறக்கிவிடும்.
அந்தப் புதன்கிழமை
ஏறும்போதே எனக்குக் குரல் இல்லை.

கொத்தமல்லி அவித்துக் குடித்தும்
காற்றுத்தான் வந்தது.
லீவு போட்டிருக்கலாம்.
ஆனால் தரம் எட்டுக்கு அன்று பின்ன வகுத்தல்;
வெள்ளிக்கிழமை வலயத்திலிருந்து
ஆசிரிய ஆலோசகர் வருகிறார்;
பாடக்குறிப்பில் முதல்நாள் இரவே எழுதியும்விட்டேன்:
"மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்."

பதினொரு வருடமாய்
இந்தப் பாடத்தை ஒரே வரியில் முடித்தவள் நான்.
இரண்டாவதைத் தலைகீழாக்கு, பெருக்கு.
முப்பத்தொரு வாய் திருப்பிச் சொல்லும்,
கூரைத் தகரம் அதிரும்,
அந்த அதிர்வைத்தான் நான்
விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று வெண்கட்டியால் எழுதினேன்:
½ ÷ ¼
அதன் கீழே
ஏன்?
எழுதிவிட்டு வாங்கில் போய் இருந்தேன்,
ருக்சிகாவைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி,
கையால்.

முதலில் சிரித்தார்கள்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்,
விடை வழமையாய் அங்கேதான் இருக்கும்.
நான் கேள்வி கேட்டு மூச்சு எடுப்பேன்,
அந்த மூச்சை விடுகையிலேயே விடையும் சொல்லிவிடுவேன்.
ஒரு மூச்சுக்குள் யார் யோசிப்பார்?
அக்கரையில் நிற்கும் பாதையைக்
கைதட்டிக் கூப்பிட்டு என்ன,
அது புறப்பட்டால்தான் வரும்.

கேதுஜன் எழும்பிப் போய்
எட்டில் ஒன்று என்று எழுதினான்.
பிழை.
தொண்டைக்குள் அந்தச் சொல் புரண்டு
அங்கேயே கிடந்தது.
அதனால் அவன் பிழையும் பலகையிலேயே நின்றது,
அழிப்பான் படாமல்,
எல்லாரும் பார்க்கும்படியாய்.

"வகுத்தா குறையத்தானே வேணும்?" என்றான்.
"ஓம், குறையும்" என்றது பாதி வகுப்பு.

பின்வாங்கில் அபினுஜா.
மூன்று தவணையாய் அவள் குரலை
இடாப்புக் கூப்பிடும்போது மட்டும் கேட்டிருக்கிறேன்.
"எங்கட கடையில குறையாது" என்றாள்.

அவளே எதிர்பார்க்கவில்லைப் போலும்,
சொல்லிவிட்டுக் கொப்பியைப் பார்த்தாள்.
பிறகு மெல்ல:
"அரைக்கிலோ தேயில. கால்கிலோப் பையில கட்டினா
ரெண்டு பை.
தேயில கூடல்ல.
எத்தின பை எண்டுதான் இந்தக் கணக்குக் கேக்குது."

கேதுஜன் விடுகிற ஆளா?
"அப்ப முக்கால்கிலோப் பையில கட்டு பாப்பம்!"
"நிரம்பாது."
"எவடம் மட்டும் வரும்?"

என் குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை.
ருக்சிகா எழும்பி ஒரு பை கீறினாள்,
குறுக்கே இரண்டு கோடு போட்டு மூன்று தட்டாக்கினாள்,
இரண்டு தட்டை வெண்கட்டியால் தேய்த்து நிரப்பினாள்.
மூன்றில் இரண்டு.
வகுப்பு அதிரவில்லை.
யாரோ "அட" என்றார்கள்,
அவ்வளவுதான்.

எனக்கும் அப்போதுதான்.
ஒரு கிலோவுக்கு நாலு கால்கிலோப் பை,
அரைக்கு அதில் பாதி.
அந்த நாலுதான்
தலைகீழாய்க் கவிழ்ந்த கால்.
பதினொரு வருடம் தெரியாமலே கவிழ்த்திருக்கிறேன்.

இடைவேளை மணி அடித்ததும் முக்கால்வாசிப் பேர் ஓடினார்கள்,
பொய் சொல்லக் கூடாது.
ஆறு பேர் பலகையடியில் நின்று
அரைக்கிலோவை அஞ்சிலொரு கிலோப் பையில்
கட்டிக்கொண்டிருந்தார்கள்.
கேதுஜனின் எட்டிலொன்றை அவனே அழித்தான்,
எச்சில் தொட்ட விரலால்.

வெள்ளிக்கிழமை குரல் வந்துவிட்டது,
ஆலோசகரும் வந்துவிட்டார்.
கேள்வி கேட்டேன்.
வாய் தானாகத் திறந்தது, பல்லைக் கடித்தேன்.
சேலைத் தலைப்புக்குள் விரல் மடித்து எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று…
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஏழில் ஒரு கை.
கேதுஜன். மறுபடியும் பிழை.
"சரி, ஏன் அப்படி நினைச்ச?" என்றேன்.

படிவத்தில் அவர் எழுதியது:
ஆசிரியை விளக்கமளித்தது போதாது.

திரும்பும்போது பாதையில்
பாடக்குறிப்பைத் திறந்து
"ஆர்வத்துடன்" வரியை வெட்டினேன்.
எஞ்சின் அதிர்வில் எழுத்துக் கோணியது.
மேலே எழுதினேன்:
எங்கட கடையில குறையாது. அபினுஜா, தரம் 8.